உயிர் போடாத வரி

நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு உட்காருங்கள் அம்மா. ஜன்னல் வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பேசுகிறவர் முகம் தெரியாவிட்டால் எனக்குப் பேச வராது. பழக்கம்.

எழிற்கோவின் மகள் என்று வாசலில் சொன்னீர்கள். இருக்கலாம். மூக்கு அவர் மூக்குதான். ஆனால் மூக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. என் சர்வீஸில் எத்தனையோ மூக்குகளைப் பார்த்துவிட்டேன். என் விலாசம் எப்படிக் கிடைத்தது? பென்ஷனர் சங்கத்திலா? யார் கொடுத்தது? பெயர் கேட்கவில்லையா. சரி. நீங்கள் முதலில் மாடிப்படி ஏறி மேலே போனீர்கள், பிறகுதான் கீழே வந்தீர்கள். செருப்புச் சத்தம் கேட்டது. மேலே என் மகன் குடியிருக்கிறான். என்ன சொன்னான்? வழி மட்டும்தானா? வழி சொல்ல இரண்டு நிமிஷம் ஆகுமா?

போகட்டும். வந்த காரியத்தைச் சொன்னீர்கள். அப்பாவுக்கு எண்பது ஆகிறது, படுத்த படுக்கை. அறுபத்து நாலாம் வருஷம் வெள்ளங்காட்டுக் கூட்டத்தில் தான் என்ன பேசினோம் என்று அவருக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது. முப்பத்து நாலு வருஷமாக 'நடை'தான் கேட்டேன், பஸ் 'நடை'தான் கேட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இந்த ஒரு மாதமாக உங்களைக் கூப்பிட்டு, "ஏம்மா, ஒருவேளை நாடுன்னுதான் சொல்லிட்டேனோ?" என்று கேட்கிறார். அன்றைக்கு அதைக் கையால் எழுதியவன் நான் ஒருவன்தான் பாக்கி. அதனால் என் நோட்டைப் பார்க்க வேண்டும்.

இதுதானே?

பார்த்தீர்களா, அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதத்தானே அந்தச் சின்ன நோட்டை மடியில் வைத்திருக்கிறீர்கள்? எழுதுங்கள், எழுதுங்கள். எழுதுகிறவரைப் பார்த்து எனக்கென்ன பயம்? நான் என்ன எழுதினேன் என்று ஊரே பயந்த காலம் இருந்தது.

என் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. நான் லத்தி பிடித்த போலீஸ் இல்லை. பென்சில் பிடித்த போலீஸ். எந்தக் கட்சி எங்கே மேடை போட்டாலும் மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு ஸ்டூலில் நான் இருப்பேன். பேசுகிறவர் பேசுவதை ஒரு வார்த்தை விடாமல் சுருக்கெழுத்தில் எடுக்க வேண்டும். மறுநாள் அதை நீட்டி எழுதி அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். மாவட்டத்திலேயே தமிழ்ச் சுருக்கெழுத்தில் நிமிஷத்துக்கு நூற்று இருபது வார்த்தை எடுக்கக்கூடியவன் நான் ஒருவன். காசிலிங்கம் என்றால் மேடையில் சோடா குடிக்கிறவனும் பாட்டிலைக் கீழே வைத்துவிடுவான்.

சுருக்கெழுத்து என்றால் என்ன தெரியுமா? மெய்யெழுத்துக்கு மட்டும் கோடு. உயிருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நெடில் என்றால் அழுத்தமான புள்ளி, குறில் என்றால் மெல்லிசு. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் மேடையில் ஒருத்தர் மூச்சு விடாமல் பொழியும்போது எவன் புள்ளி வைத்துக்கொண்டிருப்பான்? வேகம் வர வர உயிரை விட்டுவிடுவோம். மெய்யை மட்டும் போட்டுக்கொண்டு போவோம். எங்கள் மாஸ்டர் சொல்வார், "மெய் போதும்டா, உயிரை நீ உன் அறிவால போட்டுக்கோ." நான் உயிரே போடாதவன். என் நோட்டில் புள்ளி தேடினால் கிடைக்காது. அது பெருமை, அந்தக் காலத்தில்.

உங்கள் அப்பா மாதிரிப் பேசுகிறவரை நான் பார்த்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவர்மேல் விரோதம் கிடையாது. கருங்கோட்டை பஜாரில் தையல் கடை. பெற்றவர்கள் வைத்த பெயர் வைகுண்டம், கட்சியில் எழிற்கோ. பகலெல்லாம் மிஷினில் ரவிக்கை தைப்பார். மேடை ஏறினால் வேறு ஆள். தனி நாடு, தனி நாடு என்று அறுபது, அறுபத்தொன்றில் அவர் பேசும்போது, மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் எனக்கே இடுப்பில் கட்டிய பெல்ட் கொஞ்சம் இறுகின மாதிரி இருக்கும். "நம்ம வீட்டுச் சாவி நம்ம இடுப்புல இருக்கணுமா, ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால இருக்கிறவன் இடுப்புல இருக்கணுமா?" என்பார். நான் எழுதுவேன். அது என் வேலை.

மேடையிலிருந்து என்னைத்தான் முதலில் விளிப்பார். தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே எல்லாம் பிறகு. "என் பேச்சைக் கடைசி வரை உட்கார்ந்து கேட்பவர் இந்த ஊரிலேயே ஒருத்தர்தான், அதோ அந்த ஸ்டூல் தம்பி. தம்பி, வேகம் சரியா இருக்கா? கொஞ்சம் நிறுத்திச் சொல்லட்டுமா?" ஜனம் சிரிக்கும். நானும் தலையைக் குனிந்துகொள்வேன். உண்மையிலேயே நிறுத்திச் சொல்வார் அம்மா. சில நாள் என் பென்சில் முனை உடைந்தால், நான் அடுத்ததை எடுக்கும் வரைக்கும் துண்டால் முகம் துடைக்கிற மாதிரி பாவனை செய்வார். சோடா வந்தால் எனக்கும் ஒன்று கொடுத்தனுப்புவார். நான் தொட மாட்டேன். எதற்குக் கொடுக்கிறார்? ஒருத்தர் தன்னைச் சிறைக்கு அனுப்பக்கூடியவனுக்கு சோடா கொடுக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? ஒரு முறை குடித்தேன். வெயில். அன்றைக்கு ராத்திரி பூராவும் தூக்கமில்லை, யாராவது பார்த்திருப்பார்களோ என்று.

அறுபத்து மூன்றில் டெல்லியில் சட்டம் வந்தது. பிரிந்து போவது பற்றிப் பேசுவதைத் தடுக்கலாம் என்று. தேர்தலில் நிற்கிறவன் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதி எடுத்தால்தான் மனுவே செல்லும். அதற்கு முன்பே சீனா சண்டை. உங்கள் அப்பாவின் கட்சி என்ன செய்தது? கோரிக்கையை விட்டுவிட்டோம் என்று சொல்லிவிட்டது. இனி மாநிலத்துக்கு அதிகாரம் கேட்போம், பிரிவினை பேச மாட்டோம், பேசுகிறவன் கட்சியில் இருக்க மாட்டான் என்று மேலிடத்திலிருந்து தாக்கீது.

நீங்களே சொல்லுங்கள். பத்து வருஷம் தொண்டை கிழியக் கேட்டதை ஒரு காகிதம் வந்ததும் விட்டுவிடுவானா ஒருத்தன்? எனக்கு நம்பிக்கை இல்லை. வார்த்தையை மாற்றிக்கொண்டார்கள் என்றுதான் நினைத்தேன். மாநில உரிமை என்றால் என்ன? அதே சட்டையைத் திருப்பித் தைத்துப் போட்டுக்கொள்வது. தையல்காரருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

ஆனால் மேடையில் ஒன்றும் சிக்கவில்லை. மூன்று மாதம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. ரோடு, குடிதண்ணீர், பள்ளிக்கூட ஓடு, ஆஸ்பத்திரி நர்ஸ். எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. எங்கள் இன்ஸ்பெக்டர் தாமோதரன் அறிக்கையை மேஜைமேல் வீசி எறிவார்.

"என்னய்யா இது, பஞ்சாயத்து மனுவா? அவங்க விட்டுட்டாங்களா, இல்ல நீ விட்டுட்டியா?"

"அவர் பேசினதைத்தான் சார் எழுதியிருக்கேன்."

"பேசினதைப் பிடிக்க ஒரு டேப் ரிக்கார்டர் போதும்யா. நீ எதுக்கு? காது எதுக்கு வச்சிருக்கே? உள்ளே என்ன இருக்குன்னு கேளு. இல்லேன்னா பென்சிலைக் குடுத்துட்டு ராத்திரி பாராவுக்கு நிக்கப் போ."

நான் பாராவுக்குப் பயந்தவன் என்று எழுதிவிடாதீர்கள். காலில் கொஞ்சம் ஆணி இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு நான் இன்னும் கூர்மையாகக் கேட்க ஆரம்பித்தேன். தண்ணீர் என்றால் அது வெறும் தண்ணீர்தானா? ரோடு என்றால் எங்கே போகிற ரோடு?

என்ன, மேலே ஏதோ இழுக்கிற சத்தம். கட்டிலை நகர்த்துகிறான் போல. மகன்தான். ஆறு மாதமாகத் தனி மீட்டர் வேண்டும் என்கிறான். "நாங்க எரிக்கிற கரண்டுக்கு நாங்க கணக்கு வச்சுக்கறோம்பா, வேற ஒண்ணும் இல்ல" என்கிறான். வேறு ஒன்றும் இல்லையாம்! இன்றைக்கு மீட்டர். நாளைக்குத் தனி வாசல். ஒரே வீடு, ஒரே மீட்டர் என்று சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போட மாட்டேன். அதற்காக அவன் என்னோடு பேசி ஒரு மாதம் ஆகிறது. உங்களிடம் நன்றாகப் பேசினானா? சிரித்தானா?

சரி, கூட்டத்துக்கு வருகிறேன்.

அறுபத்து நாலு, தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளங்காடு. உங்கள் அம்மா பிறந்த ஊர், நீங்கள் குடியிருந்ததும் அங்கேதான், தெரியும். கருங்கோட்டையிலிருந்து ஐந்து மைல். சாயங்காலம் நாலு மணிக்கே கூட்டத்தை வைத்தார்கள். அதுவே எனக்கு விநோதமாகப் பட்டது. எந்தக் கட்சிக்காரன் வெயிலில் கூட்டம் போடுவான்? பெண்டு பிள்ளைகள் வர வேண்டும், இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். சொன்னார்கள். முன் வரிசையில் பூராவும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நீங்களும் இருந்தீர்களா? என்ன வயது அப்போது? பன்னிரண்டா. அப்பா பேசியது ஞாபகம் இருக்கிறதா?

கைதட்டினது மட்டும் ஞாபகம் இருக்கிறதா. ஆமாம். அதற்கு வருகிறேன்.

முதலில் கூட்டாட்சி பற்றிப் பேசினார். அழகாகத்தான் பேசினார். "பதினாறு பேர் ஒரே பஸ்ஸில ஏறியிருக்கோம். சரி. இனிமே இறங்க மாட்டோம்னு எழுதிக் குடுத்தாச்சு, அதுவும் சரி. நான் இறங்கச் சொல்லல. தம்பி, நல்லா எழுதிக்க, இறங்கச் சொல்லல. ஆனா புழுங்குது, ஜன்னல் கண்ணாடியை ஏத்தி விடணும்னாக்கூட டிரைவர் கிட்ட மனுப் போடணுமா? டிரைவர் அங்க முன்னாடி உட்கார்ந்திருக்கார். அவருக்கு நல்லா காத்து வருது. எனக்குப் புழுங்குதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?" ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் எழுதினேன்.

கவனித்தீர்களா? பஸ் என்றால் நாடு. நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். மேடையில், எல்லோர் முன்னாலும். இது முக்கியம், அடிக்கோடு போடுங்கள். அவர் கணக்கில் பஸ் என்றால் நாடு.

பத்து நிமிஷம் கழித்து அந்த வரி வந்தது. குரலை ஏற்றிக்கொண்டே போனார். வெள்ளங்காட்டிலிருந்து ஒரு விண்ணப்பம் கலெக்டர் ஆபீஸ் போய், அங்கிருந்து சென்னை போய், திரும்பி வர ஒரு வருஷம் ஆயிற்று என்றார். நாளைக்கு டெல்லிக்கும் அனுப்புவான் என்றார். பிறகு மேஜையைத் தட்டி அந்த வரியைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் கைதட்டல். முதலில் தட்டியது யார் தெரியுமா? முன் வரிசைப் பிள்ளைகள். நீங்கள் எல்லாம்தான். எழுந்து நின்று தட்டினீர்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பத்து வயது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நாடு வேண்டுமாம், பாருங்கள். எப்படிப் பழக்கி வைத்திருக்கிறார்கள்! அந்த ஒரு கைதட்டல் போதும், அவர் என்ன கேட்டிருப்பார் என்று தெரிந்துகொள்ள.

கை எழுதிவிட்டது. த, ன. ந, ட. தனி என்பதற்கு ஒரு கோடு, அடுத்ததற்கு ஒரு கோடு. உயிர் போடவில்லை. எப்போதும் போல.

மறுநாள் காலையில் ஆபீஸில் உட்கார்ந்து நீட்டி எழுதும்போது அந்தக் கோட்டுக்கு வந்தேன். 'எங்க பிள்ளைகளுக்குத் தனி', பிறகு ந, ட. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நாடு என்று எழுதினேன். அந்த வாயிலிருந்து 'தனி' என்று ஒரு வார்த்தை வந்தால் அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும்? நாலு வருஷம், இருநூறு கூட்டம், அந்த 'தனி'க்குப் பின்னால் வேறு வார்த்தையை என் கை எழுதினதே இல்லை.

நடை என்றால் பஸ் போய்வருகிற முறை. அது எனக்கும் தெரியும். கருங்கோட்டைக்கு ஒரு நாளைக்கு மூன்று நடை, சந்தைக்கு ஒரு நடை என்று அந்தக் காலத்தில் எல்லோரும் சொல்வார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு நடை விட வேண்டும் என்று கேட்டேன் என்பது அவர் வாதம். கேட்டிருக்கலாம். ஆனால் அப்படியே நடை என்று சொல்லியிருந்தாலும், பஸ் என்றால் நாடு என்று சொன்னவர் அவர்தானே? தனி பஸ் கேட்டால் என்ன அர்த்தம்?

அந்த வரிக்கு அடுத்த வரியா? அதை யார் சொன்னது உங்களுக்கு? அப்பாவா. ம்.

இருந்தது. நோட்டில் இன்னொரு வரி இருந்தது. 'காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.' நான் மறைக்கவில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். நோட்டில் இருந்தது. அறிக்கையில் எழுதவில்லை. ஏனென்றால் பொருந்தவில்லை. காலையில் ஒரு நாடு, சாயங்காலம் ஒரு நாடு என்று எவனாவது கேட்பானா? கைதட்டல் சத்தத்தில் ஏதோ தவறாக எடுத்திருக்கிறேன் என்று விட்டுவிட்டேன். பொருளில்லாத வரியை அறிக்கையில் எழுதினால் தாமோதரன் சிரிப்பார். பிற்பாடு யோசித்தபோதுதான் விளங்கியது, அது சங்கேதம். காலை என்றால் கிழக்கு, சாயங்காலம் என்றால் மேற்கு. கிழக்கே ஒரு நாடு, மேற்கே ஒரு நாடு. அந்த வருஷத்து உலகப் படத்தை எடுத்துப் பாருங்கள், அப்படி ஒரு நாடு இருந்தது, இரண்டு துண்டாக. அதையே கேட்டிருக்கிறார். ஏன் சிரிக்கிறீர்கள்? சிரிக்கவில்லையா. சரி.

பத்தாம் நாள் கைது செய்தார்கள். கடையில் மிஷின்மேல் ஒரு பள்ளிக்கூடச் சட்டை பாதியில் நின்றது என்று போன கான்ஸ்டபிள் சொன்னான். வழக்கு கருங்கோட்டைக் கோர்ட்டில். அவர் பக்கம் சவரிமுத்து என்று ஒரு சின்ன வயசு வக்கீல். சுருக்கெழுத்தில் ஒரு கோடு தெரியாது அவருக்கு. என் நோட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இந்தக் கோட்டுக்கு வேற வாசிப்பு உண்டா?"

"இல்லை."

"நடைன்னு வாசிக்க முடியாதா?"

"நான் எழுதியது நாடு."

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு என் கட்சிக்காரர் பேசியிருக்கார். உங்க அறிக்கையில அந்த வரி இருக்கா?"

"அறிக்கையில் இல்லை."

இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வக்கீல் கேட்டது அறிக்கையில் இருக்கிறதா என்று. நோட்டில் இருக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது சாட்சியின் வேலை இல்லை. நான் கோர்ட்டில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை, ஒரு பொய்கூட.

கூண்டிலிருந்து அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. மேடையில் கேட்பாரே, வேகம் சரியா இருக்கா தம்பி என்று, அதே பார்வை. எனக்கு அது பிடிக்கவில்லை. குற்றவாளி கோபப்பட வேண்டும். கோபப்படாத ஆள் எதையோ ஒளிக்கிறான்.

ஒரு வருஷம் தண்டனை. அது பெரிதில்லை, உங்களுக்குத் தெரியும். பெரிதாகப் போனது அவருடைய கட்சி செய்தது. தொகுதி அவருக்குத்தான் என்று பேச்சு இருந்தது. உறுதிமொழி எடுக்கத் தயாராக இருந்தார், மனப்பாடம்கூடச் செய்து வைத்திருந்தார் என்று கேள்வி. ஆனால் மேலிடத்துத் தாக்கீதை மீறிப் பிரிவினை பேசிவிட்டார் என்று அவரைக் கட்சியை விட்டு நீக்கிவிட்டார்கள். நான் பஸ்தான் கேட்டேன் என்று எழுதினாராம். இங்கே போலீஸ் சொன்னது, பயந்து பொய் சொல்கிறான். அங்கே கட்சி சொன்னது, பேசிவிட்டு இப்போது கோழை மாதிரிப் பின்வாங்குகிறான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சொல்கிறது என்றால் அதில் ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா? அறுபத்தேழில் வேறொருவர் நின்றார், ஜெயித்தார். உங்கள் அப்பா கடையில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் ஒரு முறை போனேன். அவர் வெளியே வந்து ஆறு ஏழு மாதம் இருக்கும். மஃப்டியில், சட்டை தைக்க வந்தவன் மாதிரி. அவர் மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். டேப்பைத் தோளிலிருந்து எடுத்து மார்பைச் சுற்றி அளந்தார். முப்பத்தாறு என்று குறித்துக்கொண்டார். பிறகு, குனிந்து கை நீளம் அளந்துகொண்டே, ரொம்ப மெதுவாக, "தம்பி, கோவிச்சுக்க மாட்டேன். அன்னைக்கு உங்க காதுல என்ன விழுந்துச்சு?" என்றார்.

எழுதியது என்ன என்று கேட்கவில்லை. காதில் விழுந்தது என்ன என்று கேட்டார். எப்பேர்ப்பட்ட கேள்வி பாருங்கள். பின் அறையில் யாராவது சாட்சிக்கு உட்கார்ந்திருப்பார்கள் என்று தோன்றியது. டேப்பை விலக்கிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். சட்டையைத் தைத்து வீட்டுக்கே அனுப்பிவிட்டார். அளவு சரியாக இருந்தது. போடவில்லை.

பஸ் வந்ததா அப்புறம்? எப்போது, எழுபத்தொன்றிலா? நீங்கள் எத்தனையாவது வரை படித்தீர்கள்?

எட்டாவதோடு நின்றுவிட்டீர்களா. ஐந்து மைல். ம். அதை என் தலையில் போடாதீர்கள் அம்மா. பர்மிட் கொடுப்பது வேறு துறை.

நோட்டு இருக்கிறது. ஏழு வருஷம் கழித்து எல்லாப் பழைய நோட்டையும் எரிக்கச் சொன்னார்கள். நான்தான் கட்டுக் கட்டாக எடுத்துப் போட்டேன். இது ஒன்றை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்கிறீர்களா? எச்சரிக்கைதான். நாளைக்கு யாராவது வந்து கேட்டால் காட்ட வேண்டாமா? இதோ, நீங்கள் வந்திருக்கிறீர்கள். முப்பத்து நாலு வருஷத்தில் வந்த முதல் ஆள். நான் எடுத்துப் பார்த்ததே இல்லை. எனக்குத் தேவை இல்லை, என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இருங்கள், எடுத்து வருகிறேன். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். உட்கார்ந்தே இருங்கள்.

இதோ. நூல் கட்டு அவிழவில்லை பாருங்கள், யாரும் தொடவில்லை. கையில் தர மாட்டேன். கொடுத்தாலும் உங்களால் வாசிக்க முடியாது, இந்த எழுத்து என் கை எழுத்து, எனக்கு மட்டும்தான் பேசும். நான் வாசிக்கிறேன், நீங்கள் எழுதிக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டுங்கள். அவர் சந்தேகம் தீரட்டும். இந்தப் பக்கம்தான். தை, வெள்ளங்காடு. பென்சில் கொஞ்சம் மங்கிவிட்டது. ஆனாலும் என் கோடு எப்படி இருக்கிறது பாருங்கள், தராசு முள் மாதிரி. வேகமாக வாசித்தால்தான் வரும் எனக்கு, அவர் பேசின வேகத்திலேயே. எழுதுவீர்களா அந்த வேகத்துக்கு? சரி.

'பதினாறு பேர் ஒரே பஸ்ஸில ஏறியிருக்கோம்...' இது வேண்டாம், சொல்லிவிட்டேன். இங்கே. 'இந்த ஊர்ப் பொம்பளைப் பிள்ளைங்க அஞ்சு மைல் நடந்து போய் அஞ்சு மைல் நடந்து வருது. மழைன்னா நின்னுடுது. வயசுக்கு வந்தா நின்னுடுது. கலெக்டரைக் கேட்டா சென்னையைக் கேளுங்கிறான். சென்னையைக் கேட்டா ஒரு வருஷம். நாளைக்கு டெல்லியைக் கேளும்பான். நான் ஒண்ணும் பெரிசா கேக்கல. எங்க பிள்ளைகளுக்குத் தனி நடை வேணும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டா அஞ்சு மணிக்கு என் பொண்ணு வீட்டுல...'

என்ன?

ஏன் நிறுத்திவிட்டீர்கள்? எழுதுங்கள், இன்னும் இருக்கிறது.

நாடு என்றுதான் வாசித்தேன்.

இல்லை அம்மா, நாடு. வேகத்தில் உங்களுக்கு அப்படிக் கேட்டிருக்கும். எழுதிவிட்டீர்களா? அந்த இடத்தை அடியுங்கள். காட்டுங்கள், என்ன எழுதியிருக்கிறீர்கள் பார்க்கிறேன். கண்ணாடி எங்கே. இருங்கள், மறுபடி வாசிக்கிறேன், இந்தத் தடவை மெதுவாக. 'எங்க பிள்ளைகளுக்குத் தனி ந...'

பேனாவை ஏன் மூடுகிறீர்கள்? அழுவதற்கு இதில் என்ன இருக்கிறது? உட்காருங்கள். நோட்டு வேண்டுமென்றுதானே வந்தீர்கள், நோட்டைக்கூடக் கேட்காமல் போனால் எப்படி? நான் காரணம் சொல்கிறேன். காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நீங்கள் நடை, நடை என்று சொல்லிச் சொல்லி அது என் நாக்கில் உட்கார்ந்துவிட்டது. வேறொன்றும் இல்லை. அப்பாவிடம் என்ன சொல்லப் போகிறீர்கள்? அம்மா, நில்லுங்கள். வாசல்படியில் பார்த்து இறங்குங்கள். நான் சொல்வதை ஒரு நிமிஷம் கேளுங்கள். வாய் தவறி வந்த ஒரு வார்த்தையை வைத்து ஒரு மனுஷனைப் பற்றி முடிவு கட்டலாமா?